சாட்சி சொன்னது கேட்கவில்லை

“நான் செஞ்சது தப்பா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லிடுங்கம்மா.”

வந்து உட்கார்ந்ததும் கோதண்டபாணி கேட்டது இதுதான். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

நீலாயதாட்சி அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார்.

“என்ன செஞ்சீங்க சார்?”

“சட்டப்படி ஒண்ணும் இல்ல.”

“ஒண்ணும் செய்யலைன்னா எதைத் தப்புன்னு சொல்றது?”

கோதண்டபாணி பையிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து வைத்தார். நீல அட்டை போட்ட நாற்பத்திரண்டு பக்கம். சென்னையின் பெரிய வக்கீல் ஒருவர் எழுதிக் கொடுத்த கருத்துரை. இவர் செய்த எதுவும் குற்றமில்லை என்று பக்கத்துக்குப் பக்கம் சொல்லியிருந்தது.

அம்மாள் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“நல்ல காகிதம்” என்றார்.

கோதண்டபாணிக்கு வயது ஐம்பத்தொன்று. ஒரு சிகரெட் கம்பெனியில் அரசுத் தொடர்பு அதிகாரி. அதாவது, சட்டம் வேகிற அடுப்படிக்குப் போய் உப்புக் கூடிவிடாமல் பார்த்துக்கொள்கிற வேலை. அவர் சிகரெட் குடிப்பதில்லை. அந்த வாடையே ஆகாது.

அம்மாள் அவரைவிட இரண்டு வயது சின்னவர். பத்தொன்பது வருஷம் கோர்ட்டில் சுருக்கெழுத்து எழுதியவர். கொலை, பாகப்பிரிவினை, மாடு முட்டியது என்று ஊரிலுள்ள சாட்சிகள் சொன்னதையெல்லாம் எழுதி எழுதி, ஒருநாள் போதும் என்று எழுந்து மலையடிவாரத்துக்கு வந்துவிட்டார். ஆசிரமம் என்று பெயர்தான் பெரிது. இரண்டு ஓட்டுக் கொட்டகை, ஒரு கிணறு, ஏழெட்டுப் பேர்.

அங்கே இரண்டு வழக்கங்கள் உண்டு.

உள்ளே வருகிறவர்கள் போனை அணைத்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுவிட வேண்டும். இது ஒன்று.

அம்மாளிடம் கேள்வி கேட்கிறவர்கள் முதலில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அவர் சுருக்கெழுத்தில் எடுத்துக்கொள்வார். பிறகு படித்துக் காட்டுவார். சொன்னவர் “சரி” என்று ஒப்புக்கொண்டு அடியில் கையெழுத்துப் போட வேண்டும். கோர்ட்டில் செய்கிற மாதிரியேதான். பலபேர் பாதி படித்துக்கொண்டிருக்கும்போதே செருப்பைத் தேடிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அம்மாள் யாருக்கும் புத்தி சொன்னதாக நமக்குத் தெரியாது.

“நடந்ததைச் சொல்லுங்க” என்றார் அம்மாள்.

“அதுக்கு முன்னால ஒண்ணு கேக்கணும். சட்டத்துக்கும் நியாயத்துக்கும் நடுவுல ஒரு கோடு இருக்கணும் இல்லையா? அது எங்க இருக்கு?”

“எனக்குத் தெரியாது. நடந்ததைச் சொல்லுங்க.”

“இப்ப ஒருத்தன் இருக்கான்னு வைச்சுக்குங்க. அவன் பொய் சொல்லல. ஆனா உண்மையையும் சொல்லல. அவன் எந்தப் பக்கம்?”

“யாரு அந்த ஒருத்தன்?”

“சும்மா ஒரு உதாரணம்.”

“உதாரணத்துக்கு வாக்குமூலம் எடுக்க முடியாது சார்.”

கோதண்டபாணி விடுகிற ஆளா? அமைச்சர்களையே மூன்று மணி நேரம் உட்கார வைத்துப் பேசுகிறவர். ஒரு உதாரணம் போனால் இன்னொரு உதாரணம் வந்தது. விஷம் விற்கிறவன், விஷப் பாட்டிலுக்கு மூடி செய்கிறவன், மூடிக்குத் தகரம் கொடுக்கிறவன். இதில் பாவம் யாரோடு நிற்கும்? அம்மாளுக்கும் கொஞ்சம் சுவாரசியம் பிடித்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். தகரத்தைப் பற்றி அவரும் இரண்டு கேள்வி கேட்டார். நாலு மணிக்குச் சுக்குக் காபி வந்தபோதும் அவர்கள் தகரத்தை விட்டபாடில்லை.

வெயில் இறங்கியது. அம்மாள் எழுந்தார்.

“காலையில உக்காந்து எழுதிக்கலாம். அவசரம் ஒண்ணும் இல்லையே?”

“இல்லம்மா. அரசாங்கக் குழு கூடுறது நாளன்னிக்குத்தான். நாளைக்கு ராத்திரி ரயிலைப் பிடிச்சாக்கூடப் போயிடலாம். நாளைக்குப் பூரா இருக்கு.”

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அம்மாள் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்தார்.

கோதண்டபாணி தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். நல்ல கணீரென்ற குரல். கூட்டத்தில் ஒலிபெருக்கி வேண்டாம் அவருக்கு.

“பள்ளிக்கூடத்துக்கு முந்நூறு மீட்டருக்குள்ள சிகரெட், பீடி விக்கக் கூடாதுன்னு ஒரு விதி வரப்போகுது. குழு நாளைக்குக் கூடி முடிவு பண்ணும். அதை நிறுத்தணும். அது என் வேலை.”

பென்சில் ஓடியது.

“கம்பெனி போய் எதிர்த்தா யாரும் மதிக்க மாட்டாங்க. அதனால பெட்டிக்கடைக்காரங்களுக்கு ஒரு சங்கம் ஆரம்பிச்சேன். சிறுகடையினர் வாழ்வுரிமைச் சங்கம். பேர் வைச்சது நான். லெட்டர்பேட் அடிச்சது நான். சங்கம் குழுவுக்குப் பதினோராயிரம் கடிதம் அனுப்பிச்சுது. பதினோராயிரத்தையும் எழுதினது நான். அதாவது ஒண்ணுதான் எழுதினேன், மத்ததெல்லாம் நகல்.”

“சங்கத்துக்குத் தலைவர் யாரு?”

“தங்கபுஷ்பம்னு ஒரு அம்மா. விருதுநகர் பக்கம். ஸ்கூல் மதிலை ஒட்டிக் கடை. புருஷன் இல்ல. ஒரே பொண்ணு. நாளைக்குக் குழு முன்னால வந்து அவங்கதான் பேசப்போறாங்க.”

“சரி. அப்புறம்?”

“ஒரு டாக்டரைப் பிடிச்சு ஆராய்ச்சி எழுதச் சொன்னோம். ‘இது பற்றி மேலும் ஆராய வேண்டும்’னு முடிச்சார். அதுக்குத்தான் அவரைப் பிடிச்சது. ஆராய்ச்சின்னா எப்பவுமே மேலும் ஆராய வேண்டியதுதானே?”

அம்மாள் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

“அப்புறம் மாம்பழம்.” கோதண்டபாணிக்கே சிரிப்பு வந்துவிட்டது. “குழுவுக்குக் கோப்பு தயார் பண்ற அதிகாரி வீட்டுக் கல்யாணம். இருபது கூடை இமாம்பசந்த் அனுப்பினேன். லாரி வந்து நின்னதும் கல்யாணத்துக்கு வந்தவங்கல்லாம் மாப்பிள்ளையை விட்டுட்டு மாம்பழத்தைப் பாக்கப் போயிட்டாங்க.”

“இது சட்டப்படி சரியா?”

“இல்ல. இது தப்பு. நான் அனுப்பின விஷயம் அப்ப வக்கீலுக்குத் தெரியாது. பின்னால தெரிஞ்சு தலையில அடிச்சுக்கிட்டார்.” சிரிப்பு இன்னும் நிற்கவில்லை.

பென்சில் நின்று அவருக்காகக் காத்திருந்தது.

“அப்புறம்?”

கோதண்டபாணி சிரிப்பை நிறுத்தினார். வேட்டியில் ஒட்டியிருந்த எதையோ தட்டிவிட்டார். பிறகு என்னவோ சொன்னார். நாலைந்து வாக்கியம் இருக்கும்.

“அவ்வளவுதாம்மா” என்று முடித்தார்.

அம்மாள் நோட்டை நிமிர்த்திப் படித்துக் காட்டினார். விதி, சங்கம், பதினோராயிரம் கடிதம், டாக்டர், இருபது கூடை மாம்பழம். ஒரு சொல் விடுபடவில்லை. கடைசி வரி இப்படி இருந்தது:

“பிறகு சாட்சி சொன்னது கேட்கவில்லை.”

“சொன்னேனேம்மா.”

“சொன்னீங்க. எனக்குக் கேக்கல. கேக்காததை எழுதக் கூடாது. கேக்கலைன்னுதான் எழுதணும்.”

காது கொஞ்சம் மந்தம்போல என்று நினைத்துக்கொண்டு கோதண்டபாணி பாயை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மறுபடி சொன்னார்.

அம்மாள் எழுதிவிட்டுப் படித்தார்.

“சாட்சி அருகில் வந்து மீண்டும் சொன்னார். கேட்கவில்லை.”

அப்போது அம்மாள் தலையைத் திருப்பி, “பால் பொங்குது, தீயைக் குறைங்க” என்று குரல் கொடுத்தார். சமையல்கட்டு கிணற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அங்கிருந்து “சரிம்மா” என்று பதில் வந்தது.

கோதண்டபாணி சமையல்கட்டையும் பார்த்தார், அம்மாளையும் பார்த்தார்.

“அது கேக்குது. நான் சொல்றது கேக்கலையா?”

“கேக்கல சார்.”

“என்னம்மா விளையாடறீங்களா?”

“இல்ல சார். மாம்பழம் நல்லாக் கேட்டுச்சு.”

கோதண்டபாணிக்குக் கோபம் வந்துவிட்டது. இருபத்தாறு வருஷ வேலையில் யாரும் அவரிடம் ஒரே விஷயத்தை மூன்றாவது தடவை கேட்டதில்லை. எழுந்து நின்றார்.

“அந்த விதியில கடையை மூடணும்னு எங்கயும் இல்ல. சிகரெட்டும் பீடியும் மட்டும் விக்கக் கூடாது. அவ்வளவுதான். பன் விக்கலாம், பேனா விக்கலாம், நோட்டு விக்கலாம். அந்த அம்மா கடையில சிகரெட் டப்பா ரெண்டே ரெண்டு வரிசை. ஆனா கடையே போயிடும்னு அவங்க நெனைச்சுட்டாங்க. நான் அப்படிச் சொல்லல. ஒரு தடவைகூடச் சொல்லல. அவங்களா நெனைச்சுக்கிட்டாங்க. நெனைச்சுக்கிட்டு அழுதாங்க. அழறதைப் பார்த்து, குழு முன்னால இப்படியே பேசுங்கம்மான்னேன். திருத்தல. அவ்வளவுதான் நான் செஞ்சது. திருத்தல.”

கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர் துவைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

பென்சில் ஓடிக்கொண்டிருந்தது.

“அப்புறம்?”

“பொண்ணுக்குத் திருநெல்வேலியில நர்சிங் சீட் கிடைச்சிருக்கு. கடையே போகப்போகுது, எதை வைச்சுப் படிக்க வைப்பேன், அனுப்பட்டுமா வேண்டாமான்னு என்னைக் கேட்டாங்க. போன வாரம்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“பாத்துச் செய்யுங்கம்மான்னேன்.”

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது.

அம்மாள் படித்துக் காட்டினார். அந்தக் கடைசி வாக்கியத்தையும் படித்தார். “பார்த்துச் செய்யுங்கள் அம்மா என்றேன்.” அம்மாளின் குரலில் அது யாரோ முன்பின் தெரியாத ஒருவன் சொன்ன மாதிரி இருந்தது. கோதண்டபாணிக்கு வெட்கமாக இருந்தது. அந்த ஒருவனைத் தனக்குப் பிடிக்கவில்லை என்று தோன்றியது.

“சரியா சார்?”

“சரி.”

“கையெழுத்துப் போடுங்க.”

பேனாவை எடுத்தவர் மூடியைக் கழற்றாமலே வைத்துக்கொண்டிருந்தார்.

“போட முடியாதும்மா.”

“ஏன்?”

“கம்பெனி சமாசாரம் எதையும் வெளியில சொல்ல மாட்டேன்னு ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டிருக்கேன். இதுல போட்டா அதை மீறினதாயிடும். கேஸ் போடுவாங்க. அது சட்டப்படி தப்பு.”

சொல்லி முடித்ததும் அவரே திடுக்கிட்டார்.

“பாருங்கம்மா. மாம்பழம் கொடுத்தது தப்பு. அதைச் சொல்ல எனக்குச் சிரிப்பு வருது. அந்த அம்மாகிட்ட வாயை மூடிட்டிருந்தது தப்பே இல்ல. அதைச் சொல்ல எனக்கு வாய் வரல. அதை இப்ப வெளியில சொன்னா, சொல்றதுதான் தப்பு. நாற்பத்திரண்டு பக்கத்துல இதுக்கு ஒரு வரி இல்ல. எனக்கு ஒண்ணுமே புரியல.”

“எனக்கும் புரியல சார்” என்றார் அம்மாள். “கோர்ட்டுலயும் புரியல. அதனாலதான் வந்துட்டேன்.”

இது கோதண்டபாணிக்கு ஆறுதலாக இல்லை. புரியாததற்குத்தான் முந்நூறு மைல் தாண்டி வந்திருந்தார்.

அம்மாள் அந்தத் தாளைக் கிழித்து அவரிடம் நீட்டினார்.

“இதை நீங்களே வைச்சுக்குங்க. யாருக்குத் தெரியணுமோ அவங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க.”

அவர் தாளைப் பார்த்தார். கொக்கியும் கோடும் புள்ளியுமாக இருந்தது.

“இது சுருக்கெழுத்தும்மா. எனக்குப் படிக்கத் தெரியாதே.”

“அப்ப வாயாலதான் சொல்லணும்.”

கோதண்டபாணி தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு எடுத்தார். மறுபடி மடித்தார். வக்கீலைக் கேட்காமல் என்ன செய்வது, கேட்டால் அவர் என்ன சொல்வார் என்பதெல்லாம் முகத்தில் ஓடியது.

அம்மாள் பென்சிலைச் சீவிக்கொண்டே கேட்டார்.

“அந்தப் பொண்ணு காலேஜ்ல சேரக் கடைசி நாள் எது?”

“தெரியாது.”

“கேக்கலையா?”

“கேக்கல.”

அம்மாள் சீவுவதை நிறுத்தினார். எழுந்து போய் பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். அம்மாள் இப்படி வேகமாக நடந்து அங்கே யாரும் பார்த்ததில்லை.

“இப்பக் கேளுங்க.”

போன் உயிர் பெற்றுத் துடித்தது. வரிசையாகக் குறுஞ்செய்திகள் வந்து விழுந்தன. அவர் அவற்றைப் பார்க்கவில்லை. எண்ணைத் தேடி அழைத்தார்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள்.

“சார், வணக்கம் சார்.” தங்கபுஷ்பத்தின் குரல் பக்கத்திலிருந்த அம்மாளுக்கும் கேட்டது. “நாளைக்கு வரும்போது பழைய சேலையாக் கட்டிக்கிட்டு வாங்கன்னு சொன்னீகள்ல. எடுத்து வச்சிட்டேன் சார். ராத்திரி பஸ்ஸுக்குச் சொல்லியாச்சு.”

“தங்கபுஷ்பம்மா, நான் சொல்றதக் கேளுங்க.”

“சொல்லுங்க சார்.”

அவர் சொன்னார். இந்தத் தடவை குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. விதியில் என்ன இருக்கிறது, என்ன இல்லை. கடை போகாது. சிகரெட்டும் பீடியும் மட்டும்தான் போகும். சங்கம் தன்னுடையது. கடிதங்கள் தன்னுடையவை.

அந்தப் பக்கம் யாரோ முறுக்குக் கேட்டார்கள். ஜாடி மூடியைத் திறக்கிற சத்தமும் மூடுகிற சத்தமும் கேட்டன.

“அப்பக் கடை போகாதா?”

“போகாதும்மா.”

“சிகரெட்டு மட்டுந்தானா?”

“ஆமாம்மா.”

“அது வித்து எனக்கு ஒண்ணும் பெருசா நிக்கிறதில்ல சார்.”

“தெரியும்மா.”

“உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“மொதல்லேருந்தே.”

கோதண்டபாணி அவசர அவசரமாகப் பேசினார்.

“பொண்ணை அனுப்பிடுங்கம்மா. இன்னிக்கே அனுப்புங்க. நான் கார் ஏற்பாடு பண்றேன். நேராக் காலேஜ் வாசல்லயே கொண்டுபோய் விடச் சொல்றேன்.”

“நேத்தோட முடிஞ்சிருச்சு சார்.”

“என்னம்மா?”

“நேத்துதான் கடைசி நாளு. நாலு மணி வரைக்கும் டயம் கொடுத்திருந்தாக. புள்ள பெட்டியெல்லாம் கட்டி, காலைலயே போயி காலேஜ் வாசல்ல உக்காந்துக்கிட்டா. நீ கேட்டுச் சொல்லும்மா, சேருன்னா சேர்றேன், வான்னா வந்துர்றேன்னா. சார்ட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிருவோம், கடை கண்டிப்பாப் போயிருமா, கொஞ்சமாச்சும் நிக்க வழி இருக்கான்னு நெனச்சேன். நீங்க இருக்குன்னு சொல்லியிருந்தா சேத்திருப்பேன்.”

அம்மாள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

“ஏழு தடவ கூப்பிட்டேன் சார். சுவிட்ச் ஆப்பு, சுவிட்ச் ஆப்புன்னே வந்துச்சு. நாலு மணி அடிச்சதும் திரும்பி வந்துரு தாயின்னுட்டேன்.”

கோதண்டபாணி பிஸ்கட் டின்னைப் பார்த்தார்.

“எங்க சார் இருந்தீக?”